சாஹிப்தீன் வரைந்த இலங்கை

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கிடக்கும் மணல் திட்டுகளை நாம் ஆதாம் பாலம் என்போம். இந்துச் சகோதரர்கள் இராமர் பாலம் என்பர். அப்பாலம் கட்டி நடந்த போரின் கதையை ஓவியமாக்கிய பெரும் ஓவியர்களுள் ஒருவர் சாஹிப்தீன் என்னும் முஸ்லிம் என்பதை நம் மாணவியர் பலர் அறியார்.

இராஜஸ்தானின் மேவார் அரசில் பணியாற்றியவர் அவர். மன்னர் ஜகத் சிங்குக்காக 1649இல் தொடங்கி 1653இல் முடிந்த இராமாயணப் பிரதியில் 400க்கும் மேற்பட்ட சிற்றோவியங்கள் இருந்தன. அதில் யுத்த காண்டத்தை 1652இல் வரைந்தவர் சாஹிப்தீன். பெரும்பகுதி இன்று லண்டனில், பிரித்தானிய நூலகத்தில் உள்ளது.

கும்பகர்ணனை எழுப்பும் ஓவியத்தைப் பாருங்கள். உணவைக் குவிக்கிறார்கள், எக்காளம் ஊதுகிறார்கள், யானைகளை ஏவுகிறார்கள். எல்லாம் ஒரே தாளில். அதே கும்பகர்ணன் மீண்டும் மீண்டும் வருவான். இன்றைய சித்திரக்கதை பெட்டி பெட்டியாகப் பிரிப்பதை இவர் மதில்களாலும் மாடங்களாலும் பிரித்துவிடுகிறார்!

“முஸ்லிம் இதை வரையலாமா?” என்று பெற்றோர் கேட்பது நியாயமே. உருவம் வரைவது பற்றி உலமாக்கள் சொல்வதை நாம் அறிவோம். ஆனால் நடந்த வரலாற்றைப் படிப்பது வேறு. அக்பரின் தாயார் ஹமீதா பானு பேகமிடமே ஓவியங்களுடன் கூடிய பாரசீக இராமாயணம் ஒன்று இருந்தது. இன்று அதைப் பாதுகாப்பது தோஹா இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம்.

மேவாரின் தலைநகர் உதயப்பூர் ஏரிகளின் நகரம். கடலோ வெகு தொலைவு. அதனால்தானோ என்னவோ, சாஹிப்தீனின் இலங்கை ஒரு ராஜபுத்திர அரண்மனையாகவே பொன்னிறத்தில் நிற்கிறது. நம் விடத்தல்தீவுக் கண்டல்களை அதில் தேட வேண்டாம்.