ஜீப்பை உயர்த்தும் முறை

கரட்டு நிலத்திற் செல்லும் ஜீப்பை உயர்த்துதற்கு நீண்ட சுருள்வில்களை மாட்டினாற் போதுமென்பாருமுளர். அஃது அரைகுறை எண்ணமே. 1997 முதல் 2006 வரையிலான அமெரிக்க 'ராங்ளர்' வண்டியை நோக்குக. அதன் முன்னச்சைப் பக்கவாட்டில் நகராமற் பிடிப்பது ஒரு குறுக்குத்தண்டு. ஒருமுனை சட்டத்திலும் மறுமுனை அச்சிலும் பூட்டப்பெற்றது. சட்டம் உயருங்கால் தண்டு மேலுஞ் சாயும், நீளமோ மாறாது, ஆதலின் அச்சு, சட்டமுனையுள்ள பக்கமாக இழுபடும். நீளத்தைக் கூட்டத்தக்க தண்டே இதற்கு மருந்து. உயரங்கண்டு வியப்பார் இதனை நோக்குவதேயில்லை!

பிரேக் குழாய் இன்னும் அஞ்சத்தக்கது. அச்சு முழுதுந் தொங்குகையில் அது விறைத்து அறுமாயின் உயிர்க்கே மோசம்.

வீட்டில் இவ்வேலை செய்வார், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின்கீழ்ப் புகலாகாது. சட்டத்தின்கீழ் உறுதியான தாங்கிகள் வேண்டும். அச்சைத் தாங்குங் கைகளின் ஆணிகளைச் சக்கரங்கள் தரையில் ஊன்றிய பின்னரே இறுக முடுக்குக. முந்தி முடுக்கினால் உள்ளிருக்கும் ரப்பர் முறுக்குண்டு விரைவிற் கிழியும்.