ஏரி வற்றினாலும் எல்லை வற்றாது: உங்க ஊர் ஏரியின் அளவைப் போனிலேயே பார்ப்பது எப்படி?

பள்ளிப்பட்டுப் பக்கம் சிலர் 'ஏரி' என்பார்கள், சிலர் 'செருவு' என்பார்கள். 1960 ஏப்ரல் 1 வரை இந்தப் பகுதி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அன்றுதான் நம்ம மாநிலத்தோடு சேர்ந்தது. மாநில எல்லை மாறியது, தண்ணீர் வரும் வழி மாறவில்லை. 2021 நவம்பரில் ஆந்திரப் பக்கம் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்ததும் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்து இங்கே தரைப்பாலங்கள் மூழ்கியது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

மழைக்காலத்தில் ஏரி எதுவரை என்று யாரும் கேட்பதில்லை. தண்ணீரே காட்டிவிடும். சிக்கல் ஏப்ரல், மே மாதங்களில்தான். ஏரிக்கு ஒரு பக்கம் கட்டிய கரை இருக்கும்; அதை யாரும் எளிதில் தொட முடியாது. எதிர்ப்பக்கம் கரையே இருக்காது. நிலம் மெல்லச் சரிந்து தண்ணீரைத் தொடும் இடம் அது, எதிர்வாய் என்பார்கள். ஏரி பெரும்பாலும் அங்கேதான் தொலைகிறது. முதல் கோடையில் கொஞ்சம் காராமணி விதைப்பார்கள். அடுத்த வருஷம் முள்வேலி, அதற்கடுத்து ஒரு போர்வெல். பிறகு மழை நன்றாகப் பெய்து தண்ணீர் பயிரைத் தொட்டால், ராத்திரியில் கலங்கலை அரை அடி உடைத்துவிடுவார்கள். கலங்கல் அரை அடி தாழ்ந்தால் ஏரி முழுக்க அரை அடித் தண்ணீர் போச்சு. கடைமடைக்காரர் கிணறு மாசி மாதமே வற்றும்போது, காரணம் எதிர்க்கரையில் இருப்பது அவருக்குத் தெரியாது.

இதைத் தடுக்க முதலில் வேண்டியது மண்வெட்டி இல்லை, ஒரு எண். ஏரியின் புல எண், அதாவது சர்வே நம்பர்.

கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் சொல்வார். எண் கிடைத்ததும் 'எங்கிருந்தும் எந்நேரத்திலும்' சேவைத் தளத்துக்குப் போங்க (இசர்வீசஸ் டாட் டிஎன் டாட் கவ் டாட் இன்). 'அ-பதிவேடு விவரங்களைப் பார்வையிட' என்ற பகுதியில் திருவள்ளூர் மாவட்டம், பள்ளிப்பட்டு வட்டம், உங்க கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுங்க. திரையில் தெரியும் அங்கீகார மதிப்பையும் தட்டச்சு செய்தால் பதிவேடு திறக்கும்.

அதில் இரண்டு விஷயம் பாருங்க. ஒன்று, நிலம் அரசுப் புறம்போக்கு, ஏரி என்று இருக்கிறதா? இன்னொன்று, பரப்பு. பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், ஒரு ஏர் 2.47 சென்ட். ஏரிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட புல எண்கள் இருக்கலாம். எல்லாவற்றையும் கூட்டினால்தான் முழு ஏரி. வரத்துக் கால்வாய்க்கும் தனி எண் இருக்கும், அதை விட்டுடாதீங்க. ஏரியைக் காப்பாற்றிவிட்டு கால்வாயை இழந்த ஊர்கள் உண்டு. வரத்து எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்து வந்தால், அங்குள்ள நிலப் பதிவை ஆந்திர அரசின் 'மீபூமி' தளத்தில் பார்க்கலாம். தெலுங்கு தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது.

இதில் ஆக்கிரமிப்பு தெரிந்தால் யாரிடம் போவது? ஆயக்கட்டு 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள ஏரிகள் நீர்வளத்துறையிடம் இருக்கின்றன, சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடம். நீர்வளத்துறை ஏரிகளை அளந்து வரைபடமும் பதிவேடும் தயாரித்து, எல்லைக்கல் நட்டு, ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் வழி செய்கிறது. அளப்பதும் அகற்றுவதும் அதிகாரிகள் வேலை. நீங்களே வேலியைப் பிடுங்கப் போனால் வழக்கு உங்க மேல்தான் வரும்.

மனு எழுதும்போது 'ஏரி ஆக்கிரமிக்கப்பட்டுள்ளது' என்று மட்டும் எழுதினால் அது மேசை மேசையாகச் சுற்றும். புல எண், பதிவேட்டின்படி பரப்பு, எந்தத் திசையில் ஆக்கிரமிப்பு, இடக்குறிப்போடு எடுத்த போட்டோ இவை நான்கும் இருந்தால் நில அளவர் நேராக இடத்துக்கே போக முடியும். 1100 என்ற முதல்வர் உதவி மைய எண்ணில் சொல்லலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். பதில் வராவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஆனால் ஒருவர் பெயரில் போகும் மனுவுக்கும் ஊர் பெயரில் போகும் மனுவுக்கும் வித்தியாசம் இருக்கிறது. எதிர்வாயில் உழுபவர் பல நேரம் நம்ம சொந்தக்காரராகவே இருப்பார். தனியாளாகப் பகைத்துக்கொள்ள யாருக்கும் மனசு வராது. இதற்குத்தான் கிராம சபை. மார்ச் 22 உலக தண்ணீர் தினத்தன்றும் கிராம சபை நடக்கிறது. அந்தக் கோடைத் தொடக்கத்தில் ஏரி அளவீட்டைத் தீர்மானமாகக் கொண்டுவாங்க. பள்ளிப்பட்டு பேரூராட்சிக்குள் வசிப்பவர்கள் வார்டு உறுப்பினர் மூலம் மன்றக் கூட்டத்தில் வைக்கலாம். ஊர் கூடி ஏரியைப் பார்த்துக்கொள்வது புது யோசனை இல்லை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளிலேயே (919, 921) ஏரி வாரியம் இருக்கிறது.

தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணியில் 2018 நவம்பர் கஜா புயலுக்குப் பிறகு இளைஞர்கள் 'கைஃபா' என்று அமைப்பாகச் சேர்ந்தார்கள். நன்கொடை திரட்டி 2019இல் 564 ஏக்கர் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். உங்க ஊரிலும் அப்படி ஆசை இருந்தால் அனுமதி இல்லாமல் பொக்லைனை இறக்காதீங்க. விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் ஏரி வண்டல் மண்ணைக் கட்டணமின்றி எடுக்க 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார், இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஓரத்து மண்ணைத் தோண்டிக் கரையைப் பலவீனப்படுத்தாமல், அனுமதியில் காட்டிய இடத்தில் மட்டும் எடுங்க.

இன்னொரு சின்ன வேலை. ஏரி நிரம்பிய நாளில் கலங்கல் மேல் நின்று ஒரு போட்டோ, எதிர்வாயில் தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு போட்டோ எடுத்து, தேதியோடு நாலு பேர் போனில் பத்திரப்படுத்துங்க. மே மாதம் நில அளவர் சங்கிலியோடு வரும்போது, 'இங்கே தண்ணீரே வராது சார்' என்று யாராவது சொல்வார்கள். அப்போது அந்தப் படத்தை எடுத்துக் காட்டலாம்.