மெஷ் சிறுக்கச் சிறுக்க ஏறும் தகைவு

கேள்வி: பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் டிசைன் பிரிவில் வேலை பார்க்கிறேன். ‘எல்’ வடிவ எஃகு பிரேக்கெட் ஒன்றுக்கு எஃப்.இ.ஏ. போட்டேன். 4 மி.மீ. மெஷ்ஷில் உள்மூலையில் 180 மெகா பாஸ்கல் தகைவு வந்தது. 2 மி.மீ. ஆக்கினேன், 247 ஆனது. 1 மி.மீ.க்கு இறக்கினால் 338. பொருளின் ஈல்டு 250. “பாஸா, ஃபெயிலா? ஒரே எண்ணாகச் சொல்லு” என்கிறார் மேலாளர். எந்த மெஷ்ஷை நம்புவது?

பதில்: மூன்றையும் நம்ப வேண்டாம். நான்காவதாக அரை மி.மீ. மெஷ் போட்டு இரவெல்லாம் கணினியை ஓடவிடவும் வேண்டாம். அது 460-ஐ ஒட்டி ஏதோ சொல்லும். ஓட்டாமலே எப்படித் தெரியும் என்கிறீர்களா? உங்கள் எண்களை அடுத்தடுத்து வகுத்துப் பாருங்கள். 247-ஐ 180-ஆல் வகுத்தால் 1.37. 338-ஐ 247-ஆல் வகுத்தாலும் 1.37. மெஷ்ஷைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் அதே மடங்கு ஏறுகிறது. மென்பொருளில் கோளாறு இல்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு அது மிகச் சரியாகவே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கூர்மையான உள்மூலையில், பொருள் முழுக்க மீள்தன்மையோடு இருப்பதாக வைத்துக்கொண்டால், தகைவுக்கு எல்லையே கிடையாது. இதை 1952-லேயே எம்.எல். வில்லியம்ஸ் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். 90 பாகை உள்மூலையை நெருங்க நெருங்க, தூரத்தின் சுமார் 0.455 அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்தில் தகைவு கூடும். தூரம் பாதியானால் தகைவு 1.37 மடங்கு. உங்கள் கணினி இந்த வாய்பாட்டைத்தான் திரும்பத் திரும்ப ஒப்பித்திருக்கிறது. ஒரே நோடில் சுமை வைத்தாலும், ஒரே நோடைப் பிடித்துக் கட்டினாலும் இதே கதைதான். அங்கே தெரியும் சிவப்பு, பாகத்தின் பலவீனத்தைச் சொல்வதில்லை. மாடலை நீங்கள் வரைந்த விதத்தைச் சொல்கிறது.

ஆகவே முதலில் வரைபடத்தை எடுங்கள். பிரேக்கெட் வார்ப்பாக இருந்தால் அந்த மூலையில் ஃபில்லெட் ஆரம் கட்டாயம் இருக்கும். மெஷ் சுலபமாக விழட்டும் என்று மாடலைச் சுத்தம் செய்தபோது அதை யாரோ நீக்கியிருப்பார்கள். எங்கே தகைவு வேண்டுமோ அங்கே ஃபில்லெட்டை நீக்கக் கூடாது, வேறெங்கு வேண்டுமானாலும் நீக்கலாம். அதைத் திரும்ப வைத்து, கால்வட்ட வளைவில் ஆறேழு இரண்டாம்படி எலிமென்ட் விழுமாறு மெஷ் போடுங்கள். பிறகு பாதியாக்கிப் பாருங்கள். இந்த முறை எண் ஏறி ஓரிடத்தில் நின்றுவிடும். நின்ற எண்தான் மேலாளர் கேட்பது.

பற்றவைத்த பிரேக்கெட் என்றால் வழி வேறு. பற்றின் ஓரத்தில் உண்மையான ஆரம் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. கைக்குக் கை மாறும். அதனால் ஓரத்தில் வரும் எண்ணைப் படிப்பதே இல்லை. தகட்டின் தடிமனில் 0.4 பங்கு தள்ளி ஒரு தகைவு, ஒரு முழுத் தடிமன் தள்ளி இன்னொரு தகைவு, இரண்டையும் எடுத்து நேர்கோடாக ஓரம்வரை நீட்டுவார்கள். முதலாவதை 1.67-ஆல் பெருக்கி, அதிலிருந்து இரண்டாவதின் 0.67 மடங்கைக் கழித்தால் போதும். சர்வதேச வெல்டிங் அமைப்பின் களைப்புக்கான பரிந்துரைகளில் இருக்கும் முறை இது. உங்கள் சுமை மாறாமல் நிற்பது, எஃகும் நன்றாக நீளக்கூடியது என்றால், மூலையில் துளியிடம் ஈல்டு ஆவதால் பிரேக்கெட் விழுந்துவிடாது. ஆனால் பம்ப் அதிரும். ஆகவே உங்களுடையது களைப்புக் கேள்வி என்றே நினைக்கிறேன்.

மெஷ்ஷைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று எனக்கு உண்டு. பிரேக்கெட்டின் அடிப்பரப்பு முழுவதையும் ‘ஃபிக்ஸ்டு’ என்று கட்டிவிட்டீர்களா? நிஜத்தில் அதை நான்கு போல்ட்தானே பிடிக்கிறது? முழுப் பரப்பையும் கட்டி ஒருமுறை, போல்ட் துளைகளைச் சுற்றி மட்டும் கட்டி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். உண்மை பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். அந்த இடைவெளி, நீங்கள் கவலைப்படும் மெஷ் வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. ஓட்டுவதற்கு முன் ஒரு தாளில் கைக்கணக்கு போட்டீர்களா? ஒரு முனை பதிந்த உத்தரம்: நீளம் 1 மீட்டர், அகலம் 50 மி.மீ., உயரம் 100 மி.மீ., நுனியில் 10 கிலோ நியூட்டன், யங் குணகம் 200 கிகா பாஸ்கல். டிப்ளமோவில் படித்த வாய்பாடே போதும். நுனி 4 மி.மீ. இறங்கும், பதிந்த முனையில் வளைவுத் தகைவு 120 மெகா பாஸ்கல். இதையே உயரத்துக்கு ஒரே வரிசையாக, பத்து சதுர நான்குமுனை எலிமென்ட் வைத்து, எந்தச் சரிக்கட்டும் இல்லாத பழைய முழுத் தொகையிடல் முறையில் ஓட்டினால் நுனி இறங்குவது ஏறத்தாழ 2.7 மி.மீ.தான். அந்த எலிமென்டுக்கு வளையத் தெரியாது. வளையச் சொன்னால் சறுக்குப்பெயர்ச்சியைக் காட்டி விறைத்துக்கொள்ளும். மூன்றில் ஒரு பங்கு விலகலைக் காணோம், வண்ணப்படமோ அழகாகவே இருக்கும். எல்லா சால்வரும் இப்படிச் செய்வதில்லை, பலவற்றில் இதற்கு மருந்து உள்ளேயே இருக்கிறது. உங்களுடையதில் இருக்கிறதா என்பதை இந்த உத்தரத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். தானியங்கி மெஷ் போடும் நான்முகிகளில் நான்குமுனை வகையைத் தொடாதீர்கள். பத்துமுனை வகையை எடுங்கள். நேரம் கூடுதலாகும், ஆகட்டும்.

எதிர்விசைகளின் கூட்டுத்தொகை, கொடுத்த சுமைக்குச் சமமா என்று பார்ப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஆனால் அது சுமையையும் பிடிப்பையும் தவறாக இட்டிருந்தால் மட்டுமே காட்டிக்கொடுக்கும். மெஷ் படுமோசமாக இருந்தாலும் எதிர்விசை சமமாகவே வரும்.

அலகுகள்: மி.மீ., நியூட்டன், மெகா பாஸ்கல் என்று போனால் எஃகின் அடர்த்தி ஒரு கன மி.மீ.க்கு 7.85-ஐ பத்தின் மைனஸ் 9 அடுக்கால் பெருக்கிய டன். கிலோகிராமில் இட்டால் இயல் அதிர்வெண் முப்பது மடங்குக்கும் மேல் குறைந்து வரும். பம்ப் அதிர்வை ஆராயப் போகும் உங்களுக்கு இது முக்கியம்.

மேலாளருக்கு இதெல்லாம் வீண் நுணுக்கமாகத் தோன்றினால் ஸ்லெய்ப்னர் ஏ மேடையின் கதையைச் சொல்லுங்கள். வட கடலில் எரிவாயு எடுக்க 82 மீட்டர் ஆழத்தில் நிற்க வேண்டிய கான்கிரீட் அடித்தளம் அது. 24 உருளை அறைகள். அவற்றில் நான்கு மேலே தூண்களாக நீளும். உருளைகள் ஒட்டும் இடங்களில் முக்கோண இடுக்குகள் விழும். அந்த இடுக்குகளுக்குள் கடல்நீர் நிற்பதால் சுவரை நீரழுத்தம் தள்ளிக்கொண்டே இருக்கும். 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயின் ஸ்டவாங்கர் அருகே ஒரு ஃபியோர்டில், மேல்தளம் பொருத்துவதற்கு ஒத்திகையாக நீர் நிரப்பித் தாழ்த்திக்கொண்டிருந்தபோது இடுக்குச் சுவர் ஒன்று பிளந்தது. மேலே இருந்தவர்கள் தப்பிவிட்டார்கள். அடித்தளம் மூழ்கி, 220 மீட்டர் ஆழத்தில் தரையில் மோதி நொறுங்கியது. அந்த மோதல் நிலநடுக்கக் கருவிகளில் ரிக்டர் 3 என்று பதிவானது. நஷ்டம் சுமார் 70 கோடி டாலர்.

விசாரணை போய் நின்ற இடம், நாஸ்ட்ரான் என்ற எஃப்.இ.ஏ. மென்பொருளில் போட்ட மாடல். இடுக்கின் ஓரத்தில் மெஷ் பருமனாகவும் எலிமென்ட்கள் கோணலாகவும் இருந்ததால், சறுக்குத் தகைவு 47 சதவீதம் குறைவாகக் கணிக்கப்பட்டிருந்தது. அதனால் சுவரின் தடிமன் போதவில்லை. உள்ளே வைத்த ‘டி’ தலைக் கம்பிகளும் போதிய நீளம் ஓடவில்லை. பிறகு நுண்ணிய மெஷ்ஷோடு செய்த கணக்கு, 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. நிஜத்தில் உடைந்தது சுமார் 65 மீட்டரில். அதாவது முறை சரி, பயன்படுத்தியதில்தான் பிழை. மாற்று அடித்தளத்தை வடிவமைக்கும்போது ஸ்லைடு ரூல் காலத்துக் கைக்கணக்கு முறைகளையே கையில் எடுத்தார்கள் என்பது கூடுதல் செய்தி. 1993-ல் அந்த மேடை வேலைக்கு வந்தது.

உங்கள் பிரேக்கெட்டில், இல்லாத தகைவை மெஷ் பெருக்கிக் காட்டியது. அங்கே, இருந்த தகைவை மெஷ் விழுங்கிவிட்டது. இரண்டையும் பிரித்தறிய எளிய வழி: நோட்களில் சராசரி எடுத்து வண்ணத்தை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து எலிமென்ட்கள் 140, 210 என்று முரண்பட்டால் அங்கே மெஷ் போதாது. நுணுக்கிய பிறகு முரண்பாடு அடங்கினால் சரி. அடங்காமல் மூலையை நோக்கி ஏறிக்கொண்டே போனால், முதலில் சொன்ன கூர்மூலைக் கதை.

மேலாளரிடம் இப்படி எழுதிக் கொடுங்கள்: ஃபில்லெட் ஆரம் இவ்வளவு, எலிமென்ட் வகை இது, மூன்று மெஷ்ஷில் வந்த எண்கள் இவை, போல்ட் பிடிப்பை இரு விதமாக எடுத்தபோது வந்த எண்கள் இவை, கைக்கணக்கு இது. ஒரே எண் கேட்பவருக்கு கடைசி மெஷ்ஷின் எண்ணையும், பிடிப்பினால் வரும் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

மென்பொருள் வாங்கச் சொல்லி யாரேனும் நெருக்கினால் அவசரப்பட வேண்டாம். ஃப்ரீகேட் வழியே கால்குலிக்ஸ் சால்வரை இலவசமாக ஓட்டலாம்; பிரேக்கெட்டுக்கு அது தாராளம். எதை வாங்கினாலும் முதல் வேலையாக நாஃபெம்ஸ் அமைப்பின் எல்.இ.1 சோதனைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நீள்வட்ட விளிம்புள்ள தகடு, வெளிவிளிம்பை 10 மெகா பாஸ்கல் இழுக்கிறது, உள்விளிம்பில் குறிப்பிட்ட புள்ளியில் 92.7 மெகா பாஸ்கல் வர வேண்டும். அந்த எண்ணை எந்த மெஷ்ஷில் எட்டினீர்கள் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வேலையில் எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு அதுவே அளவு.