விளைவதை வீட்டுப் பிள்ளைகளும் உண்ண வழி

கீரை பயிரிடும் வீட்டில் கீரை சமைப்பதில்லை என்பது பல ஊர்களில் காணப்படும் நிலை. கல்பாக்கத்தை அடுத்த அணுபுரம் குடியிருப்புக்கு அருகில் ஒரு சிற்றூரில் இதை நேரில் கண்டேன். விடியும் முன்பே கீரைக் கட்டுகள் அனைத்தும் விற்பனைக்குச் சென்றுவிட்டன. வீட்டில் சோறும் ரசமும் அப்பளமும் மட்டுமே. தொழிற்சாலையில் வேலை பார்க்கும் 20 வயது மகள் காலை 5 மணிக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வெறும் தேநீருடன் புறப்படுகிறாள். "கூழை முகர்ந்துகூடப் பார்க்க மாட்டேங்குறா சார்" என்று தாய் குறைபட்டுக் கொண்டார்.

இது ஒரு வீட்டுக் குறை அன்று. 2019-21ஆம் ஆண்டு தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உள்ளது. அதாவது இருவரில் ஒருவருக்கு.

அறிவுரை ஏன் பலிப்பதில்லை?

பிற்காலத்தில் நோய் வரும் என்ற எச்சரிக்கை 20 வயதில் மனத்தில் பதிவதில்லை. சுவை, விலை, நேரம், உடன் உண்ணும் நண்பர்கள் ஆகியவையே இளைஞர்களின் உணவைத் தீர்மானிக்கின்றன.

விவசாயிகளுக்கு இது புதிதல்ல. 1960களில் ஏ.டி.டி. 27, ஐ.ஆர். 8 நெல் ரகங்கள் வந்தபோது, மேடைப் பேச்சை மட்டும் நம்பி யாரும் முழு நிலத்திலும் நடவில்லை. பக்கத்து வயலில் கதிரைப் பார்த்து, சிறிது நிலத்தில் சோதித்த பிறகே ஏற்றனர். அறிதல், ஆர்வம், மதிப்பிடுதல், சோதித்தல், ஏற்றல் என்று ஐந்து படிகளை விரிவாக்கக் கல்வி கூறுகிறது. உணவுப் பழக்கமும் இந்தப் படிகளில்தான் ஏறும். நாமோ முதல் படியிலேயே நின்று திரும்பத் திரும்பச் சொல்லிக் கொண்டிருக்கிறோம்.

செய்ய வேண்டியவை

1. வீட்டுக்கென அரை சென்ட் நிலம் ஒதுக்கி, அந்தப் பாத்தியை மகன் அல்லது மகள் பொறுப்பில் விடவும். தான் வளர்த்ததை உண்ணும் விருப்பம் எளிதில் வரும். கோ 3 கீரை ஏற்றது. 5 கிராம் விதையைப் பத்து மடங்கு மணலுடன் கலந்து தூவவும். 20 நாளில் முதல் அறுவடை செய்யலாம். மூன்று மாதத்தில் 10 முறை வரை கிள்ளலாம்.

2. தானியம் பழையதாக இருக்கலாம். பக்குவம் புதிதாக இருக்கட்டும். கூழை வெறுப்பவர் முருங்கைக்கீரை சேர்த்த கேழ்வரகு அடையை விரும்புவர். பஸ்ஸிலும் உண்ணலாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. இரும்புச் சத்துக்குக் கம்பு தோசை நல்லது.

3. இரண்டு அடை கூடுதலாகக் கொடுத்தனுப்பவும். தோழியர் கேட்டு வாங்கி உண்டால், தாயின் சொல்லைவிட அது வலிமை வாய்ந்தது. வீட்டில் தந்தையும் அதையே உண்ண வேண்டும்.

4. கீரையுடன் எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேர்த்தால் இரும்புச் சத்து நன்கு உடலில் சேரும். உணவோடு தேநீர் அருந்தினால் அது தடைபடும். ஒரு மணி நேரம் இடைவெளி விடவும்.

5. மண் பரிசோதனை போல, தொடக்கத்திலும் மூன்று மாதம் கழித்தும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்யவும். அளவு உயர்வதைக் கண்ணால் கண்டவர் பழக்கத்தை விடமாட்டார். இரத்தசோகை இருப்பின் உணவு மட்டும் போதாது. மருத்துவர் தரும் இரும்புச் சத்து மாத்திரைகளையும் தவறாது உண்ண வேண்டும்.

கீரையை விற்ற பணத்தில் மருந்து வாங்குவது இலாபமான விவசாயம் ஆகாது. எனவே விவசாயப் பெருமக்கள் நாள்தோறும் முதல் கட்டை வீட்டுக்கு எடுத்து வைத்து, மீதியைச் சந்தைக்கு அனுப்பிப் பயன் பெற வேண்டும்.