ஸ்பீக்கர் மீது பழி: புதுக் கம்ப்யூட்டர் திரையும் பழைய நம்பிக்கைகளும்

பங்காருபாளையத்தில் டெஸ்க்டாப் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வேலைக்காகத்தான் வாங்குகிறார்கள். மாம்பழ மண்டிக் கணக்கு, மீசேவா விண்ணப்பங்கள், கல்யாணப் பத்திரிகையும் ஃபிளெக்ஸும் அடிக்கும் டிடிபி, காலேஜ் போகும் பிள்ளையின் படிப்பு என்று ஏதாவது ஒன்று இருக்கும். சித்தூர்க் கடையில் வாங்குவார்கள். இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் பஸ் ஏறி, ஒரு பக்கம் பெங்களூரு எஸ்.பி. ரோடு, மறுபக்கம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட். பெட்டியைப் பிரித்துச் சுவிட்சைப் போட்டதும் திரையின் ஒரு மூலை மஞ்சளாகவோ, மொத்தத் திரையும் ரோஜா நிறமாகவோ தெரிந்தால், காரணம் சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை.

அந்தக் காரணங்களில் பல ஒரு காலத்தில் உண்மையாக இருந்தவை. பின்பக்கம் பூசணிக்காய் போலப் புடைத்திருந்த குழாய் டிவி காலத்து உண்மைகள் அவை. இன்று இதே வட்டாரத்தில், திருப்பதியில், டிக்சன் நிறுவனம் எல்இடி டிவிகளைத் தயாரிக்கிறது. ஆனாலும் திரையில் கறை தெரிந்தால் நாம் பேசுவதென்னவோ இன்னும் குழாயின் பாஷைதான். இதனால் வரும் நஷ்டம் சின்னதல்ல. தவறான காரணத்தைத் துரத்திக்கொண்டிருக்கும்போது, மாற்றித்தர வேண்டிய கெடு முடிந்துவிடுகிறது.

“பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்தாய், காந்தம் பிடித்துவிட்டது”

குழாய்த் திரைக்கு இது நூற்றுக்கு நூறு சரி. அந்தக் குழாயின் பின்முனையிலிருந்து மூன்று எலக்ட்ரான் கற்றைகள் பாய்ந்து, பொடித் துளைகள் கொண்ட ஓர் உலோகத் தகட்டைக் கடந்து, கண்ணாடியின் உட்புறம் பூசிய சிவப்பு, பச்சை, நீலப் பொட்டுகளில் விழும். எலக்ட்ரானைக் காந்தம் வளைக்கும். சிவப்புப் பொட்டில் விழ வேண்டிய கற்றை கொஞ்சம் நகர்ந்தாலும் பச்சையில் விழும். அந்த உலோகத் தகடே காந்தமேறிவிட்டால், ஸ்பீக்கரை எடுத்த பிறகும் கறை அங்கேயே நிற்கும். பழைய மானிட்டர்களில் ‘டீகாஸ்’ என்றொரு பட்டன் இருந்தது நினைவிருக்கிறதா? அமுக்கினால் ‘டொய்ங்’ என்று திரை அதிர்ந்து அடங்கும். மாறி மாறி ஓடும் மின்சாரத்தைச் சுருளில் செலுத்தி, படிப்படியாகத் தணித்துத் தகட்டின் காந்தத்தைக் கலைக்கும் ஏற்பாடு அது.

புது மானிட்டரில் எலக்ட்ரான் கற்றையும் இல்லை, உலோகத் தகடும் இல்லை. பின்னால் எல்இடி விளக்கு, நடுவில் மின்னழுத்தத்துக்கு ஏற்ப ஒளியை விட்டும் மறித்தும் கொடுக்கும் திரவப் படிகம், முன்னால் மூன்று நிற வடிகட்டி, அவ்வளவுதான். மேசை ஸ்பீக்கரின் காந்தம் இதில் நிறத்தைத் திரிக்காது. ஸ்பீக்கரை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள்.

இதன் தம்பி ஒன்று உண்டு: “கிழக்கே பார்த்து வைத்தால் நிறம் சரியாகும்.” வாஸ்து என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் குழாய்க் காலத்தில் இதிலும் கொஞ்சம் பௌதிகம் இருந்தது. தென்னிந்தியாவில் பூமியின் காந்தப்புலம் செங்குத்தாக இறங்காமல், ஏறக்குறைய தரைக்கு இணையாகத் தெற்கிலிருந்து வடக்காகப் படுத்திருக்கிறது. காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கம் போவதுதான் காரணம். ஆகவே வடக்கோ தெற்கோ பார்த்த குழாயில் கற்றைகள் புலத்தின் போக்கிலேயே ஓடும். கிழக்கோ மேற்கோ பார்த்தால் குறுக்கே ஓடி, லேசாக விலகும். டிவியைத் திசை திருப்பியதும் நிறம் மாறியதாகச் சொன்ன தாத்தா பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது இந்த மானிட்டருக்குப் பொருந்தாது, அவ்வளவே. ஜன்னல் வெயில் கண்ணில் அடிக்காத பக்கமாகத் திருப்பினால் போதும்.

“ரெண்டு நாள் ஓடட்டும் அண்ணா, தானா செட்டாயிடும்”

கடைக்காரர் வாயிலிருந்து அடிக்கடி வருவது இது. எனக்கு மிகவும் பிடிக்காததும் இதுதான். முந்தைய தலைமுறை எல்சிடி மானிட்டர்களில் விளக்காக மெல்லிய ஃபுளோரசன்ட் குழல் இருந்தது. அது சூடேறி நிறம் நிலைபெற அரை மணி நேரம் வரை பிடிக்கும். எல்இடி விளக்குக்கு அந்தக் காத்திருப்பும் வேண்டாம். ஒரு மணி நேரத்தில் சரியாகாத கறை ஒரு வாரத்தில் சரியாகப் போவதில்லை. அதற்குள் பில்லில் எழுதியிருக்கும் ‘மாற்றித்தரும் நாட்கள்’ தீர்ந்துவிடும். அப்புறம் புதுப் பெட்டி கிடைக்காது, சர்வீஸ் சென்டர்தான்.

“மொத்தத் திரையும் ஒரே நிறமாக இருக்கிறது, கார்டு போய்விட்டது”

பொறுங்கள். அசெம்பிள் செய்து தரும் கம்ப்யூட்டர்களில் இன்னும் நீல முனையும் இரண்டு திருகும் கொண்ட விஜிஏ கேபிளைப் பார்க்கலாம். ஐபிஎம் 1987-இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. அதன் 15 ஊசிகளில் முதல் ஊசி சிவப்பு, இரண்டாவது பச்சை, மூன்றாவது நீலம். ஒவ்வொரு நிறமும் தனிக் கம்பியில் வருகிறது. ஊசி வளைந்தாலோ, திருகு தளர்ந்தாலோ ஒரு நிறம் மட்டும் வராமல் போகும். சிவப்பு வரவில்லை என்றால் வெள்ளைப் பக்கம் மயில்கழுத்து நிறமாகும். பச்சை வரவில்லை என்றால் புடவைக்கடையில் மெஜந்தா என்கிறார்களே, அது. நீலம் வரவில்லை என்றால் முழு மஞ்சள். திரையின் நிறத்தைப் பார்த்தே எந்த ஊசி என்று சொல்லிவிடலாம். கேபிளைக் கழற்றி, ஊசிகளை வெளிச்சத்தில் பார்த்து, நேராக அழுத்தி, திருகை முடுக்கினால் பல சமயம் அங்கேயே கதை முடிந்துவிடும்.

எச்டிஎம்ஐ கேபிளில் படம் எண்களாகப் போகிறது. அது கெட்டால் பொதுவாகப் பொறிப்பொறியாகத் தெறிக்கும், விட்டு விட்டு வரும், அல்லது படமே வராது. நிதானமான மஞ்சள் சாயல் ஏறுவது அபூர்வம். அதில் வரும் கோளாறு வேறு வகை. கம்ப்யூட்டர், எதிரே இருப்பது டிவி என்று எண்ணிக்கொண்டு 0 முதல் 255 வரை அனுப்ப வேண்டிய ஒளி அளவை 16 முதல் 235-க்குள் சுருக்கி அனுப்பிவிடும். கறுப்பு சாம்பலாகும், படம் முழுக்க வெளுத்த வேட்டி மாதிரி இருக்கும். கிராஃபிக்ஸ் செட்டிங்ஸில் ‘ஃபுல் ரேஞ்ச்’ என்று மாற்றினால் சரியாகிவிடும். மொத்தப் படமும் பச்சையாகவோ ரோஜாவாகவோ வந்தால், நிறத்தை எண்ணாக்கும் முறையில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். அதுவும் செட்டிங்ஸ் விஷயம்தான்.

கோளாறு கம்ப்யூட்டரிலா மானிட்டரிலா என்று பிரித்தறிய மெக்கானிக் வேண்டியதில்லை. மானிட்டரின் அடியிலோ பின்னாலோ இருக்கும் பட்டனை அமுக்கினால் அதன் சொந்த மெனு வரும். அந்த மெனுவைக் கம்ப்யூட்டர் வரைவதில்லை, மானிட்டரே வரைகிறது. பின்னால் படம் ரோஜாவாக இருக்க, மெனு மட்டும் சரியான நிறத்தில் தெரிந்தால் மானிட்டர் நிரபராதி. கேபிளையும் கம்ப்யூட்டரையும் பாருங்கள். மெனுவின் மீதும் அதே கறை படர்ந்திருந்தால், குற்றம் மானிட்டருடையது. இன்னொரு சோதனை: திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். கறை அந்தப் படத்திலும் இருந்தால், அது கம்ப்யூட்டருக்கு உள்ளேயே பிறந்தது. இல்லாவிட்டால் பெரும்பாலும் வெளியே. இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அது அடுத்த நம்பிக்கையில் வருகிறது.

“மஞ்சளாகத் தெரிகிறதே, பழைய பேனலைத் தலையில் கட்டிவிட்டான்”

கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் விண்டோஸில் ‘டிஸ்ப்ளே’ பக்கத்தைத் திறந்து ‘நைட் லைட்’ ஓடுகிறதா என்று பாருங்கள். 2017 முதல் விண்டோஸ் 10-இல் இருக்கும் வசதி இது. நீலத்தைக் குறைத்துத் திரையை மஞ்சளாக்கும். இது ஸ்கிரீன்ஷாட்டில் விழாது. மானிட்டருக்குள்ளும் ‘ரீடர்’, ‘லோ ப்ளூ லைட்’, ‘வார்ம்’ என்ற பெயர்களில் இதே வேலை செய்யும் முறைகள் உண்டு. திரை முழுக்கக் கறுப்பு வெள்ளையாகிவிட்டதென்றால் ‘கலர் ஃபில்டர்’ பக்கத்தைப் பாருங்கள். அதன் குறுக்குவழி இயக்கத்தில் இருந்தால் விண்டோஸ், கன்ட்ரோல், சி மூன்றும் சேர்ந்து அழுந்தினாலே நிறம் போய்விடும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் இதற்கு மேல் விசாரணை வேண்டாம்.

எல்லாம் அணைத்த பிறகும் மஞ்சள் தெரிகிறதா? பழைய குழாய் மானிட்டர்களும் டிவிகளும் வெள்ளையைச் சுமார் 9300 கெல்வினில், அதாவது நீலம் கலந்த வெள்ளையாகக் காட்டின. இன்றைய தரம் 6500 கெல்வின், பகல் வெளிச்சத்தை ஒட்டியது. நீல வெள்ளைக்குப் பழகிய கண்ணுக்கு நியாயமான வெள்ளை மஞ்சளாகத்தான் படும். பகல் நேரத்தில் ஜன்னல் பக்கம் ஒரு வெள்ளைத்தாளைத் திரையோரம் பிடித்து ஒப்பிட்டுப் பாருங்கள், விளங்கிவிடும்.

டிடிபி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திரையில் பார்த்த தோத்தாபுரி மாம்பழ மஞ்சள் ஃபிளெக்ஸில் வரவில்லை என்பதற்காக மானிட்டரைத் திட்ட வேண்டாம். திரை ஒளியைக் கூட்டி நிறம் செய்கிறது. அச்சு நான்கு மையால் ஒளியைக் கழித்து நிறம் செய்கிறது. திரைக்கு எட்டும் நிறமெல்லாம் மைக்கு எட்டாது.

“எல்இடி என்றால் கறையே வராது”

வரும். எல்இடி மானிட்டர் என்று விற்பது பெரும்பாலும் எல்சிடிதான். விளக்கு மட்டும் எல்இடி. அந்த விளக்கும் பிறவியில் வெள்ளை அல்ல. நீல எல்இடி மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சைத் தடவி வெள்ளையாக்குகிறார்கள். ஒளிமிகுந்த நீல எல்இடியைச் சாத்தியமாக்கியதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. பூச்சு கெட்டால் நீலம் வெளியே எட்டிப் பார்க்கும். திரையில் நீலமோ ஊதாவோ திட்டுத் திட்டாகத் தெரியும். புதுத் திரையில் அது தெரிந்தால் பேச்சே வேண்டாம், திருப்பிக் கொடுங்கள்.

ஆனால் இருட்டறையில் கறுப்புப் படத்தின் மூலைகளில் தெரியும் வெளிச்சம் எல்லாமே பழுது அல்ல. தலையைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். தலையோடு சேர்ந்து அந்த வெளிச்சமும் இடம் மாறினால், அது ஐபிஎஸ் வகைப் பேனலின் சுபாவம். அசையாமல் அங்கேயே நின்றால் விளிம்பில் ஒளி கசிகிறது. விலை குறைந்த டிஎன் வகைப் பேனலில் கீழிருந்து பார்த்தால் முகங்கள் கறுத்துப் போகும். திரையைக் கண் மட்டத்துக்குச் சாய்த்தால் சரியாகிவிடும்.

“கறையைத் தேய்த்தால் போய்விடும்”

திரையை விரலால் அமுக்கித் தேய்ப்பது எந்தக் கறைக்கும் மருந்தல்ல. படலங்கள் நசுங்கி, அமுக்கிய இடத்தில் நிரந்தரத் தழும்பு விழலாம். அதை வாரன்டி ஏற்காது. நகரும் கறுப்புப் புள்ளி தெரிந்தால் அது பெரும்பாலும் பூச்சி. மாந்தோப்புக்காரர்களுக்கு இலைப்பேனைத் தெரியாமல் இருக்காது. அந்த அளவுள்ள பூச்சிகள் வெளிச்சத்தைத் தேடிச் சந்து வழியே பேனலின் அடுக்குகளுக்குள் போய்விடும். நசுக்கினால் பிணம் அங்கேயே தங்கும். திரையை அணைத்துவிட்டு விட்டுவிடுங்கள், வந்த வழியே போக வாய்ப்புண்டு.

அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் வேண்டாம், மினுமினுப்பைத் தடுக்கும் மேல்பூச்சைத் தின்றுவிடும். காய்ந்த மைக்ரோஃபைபர் துணி, தேவைப்பட்டால் துளி தண்ணீர். ‘பாதுகாப்பு’ என்று பேக்டரி பிளாஸ்டிக் படலத்தை உரிக்காமலே வைத்திருக்கிறார்களே, அதனுள் காற்றுக் குமிழும் தூசியும் சேர்ந்துதான் பல ‘கறை’ உண்டாகிறது. பூஜை போடுகிறவர்கள் மஞ்சள் குங்குமத்தைக் கேபினட்டில் வையுங்கள். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். சொரசொரப்பான திரைப்பூச்சில் மஞ்சள் ஏறினால் லேசில் போகாது.

“கரண்ட் ஏற்ற இறக்கம்தான் காரணம்”

பெரும்பாலான மானிட்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் உள்ளே தமக்கு வேண்டிய அளவுக்கு மாற்றிக்கொள்கின்றன. வோல்டேஜ் குறைந்தால் அணையலாம், நிறம் திரியாது. எர்த் இல்லாத வீட்டில் விஜிஏ திரையில் லேசான பட்டைகள் மெதுவாக மேலேறிப் போவதுண்டு, கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுப்பதும் உண்டு. அதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், திரைக்காக அல்ல, உங்களுக்காக.

“புள்ளிக்கெல்லாம் வாரன்டி கிடையாது, கறைக்கும் கிடையாது”

முதல் பாதியில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஃபுல் எச்டி திரையில் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று உட்புள்ளிகள். 2001-இல் வந்த ஐஎஸ்ஓ தரத்தின் இரண்டாம் வகுப்பு, பத்து லட்சம் புள்ளிக்கு எப்போதும் எரியும் புள்ளி இரண்டு, எரியாத புள்ளி இரண்டு, கெட்ட உட்புள்ளி ஐந்து வரை பொறுத்துக்கொண்டது. பிறகு வந்த தரமும் வகுப்பு பிரித்து எண்ணுவதையே தொடர்ந்தது. கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு வேறுபடும். ஒரே ஒரு எரியும் புள்ளிக்கே மாற்றித் தருகிறவர்களும் உண்டு. ஆனால் இந்தக் கணக்கெல்லாம் புள்ளிக்கு. திட்டாகப் படர்ந்த கறை, ஒருபக்க மஞ்சள், கோடு ஆகியவற்றை இந்தக் கணக்கைக் காட்டி மறுக்க முடியாது.

வாங்கிய அன்றே வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரைக்கு ஒவ்வொரு நிறமாகப் போட்டு, மெனு சோதனையையும் சேர்த்துப் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் கடையை விட்டு நகராதீர்கள். கடை கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பெங்களூரில் வாங்கிய மானிட்டருக்காகப் பெங்களூரு அலைய வேண்டியதும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பங்காருபாளையத்துக்காரருக்கு அது சித்தூர்.