மருந்துக்கும் ஒரு ரிங் கேஜ்



மெட்ராலஜி லேபில் ரிங் கேஜைத் தொடாத மெக்கானிக்கல் மாணவன் இருக்க மாட்டான். கடைந்தெடுத்த ஷாப்ட் 'கோ' வளையத்துக்குள் நுழைய வேண்டும், 'நோ கோ' வளையத்துக்குள் நுழையக் கூடாது. மருந்துத் தொழிற்சாலையிலும் இதே மாதிரி ஒரு கேஜ் உண்டு. அது இரும்பு அல்ல, புரதம். பெயர்தான் கொஞ்சம் நீளம்: மறுசேர்க்கை வளர்ச்சிக் காரணி ஏற்பிப் புரதம். "பேரு சொல்லவே மூச்சு முட்டுதே மக்கா!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கடைசியிலிருந்து பிரித்துப் பார்ப்போம்.

ஏற்பி, அதாவது ரிசப்டர், செல்லின் காலிங் பெல். வாசலில் பட்டன், சுவருக்குள் வயர், வீட்டுக்குள் மணி. பட்டனை அழுத்தும் விரல்தான் வளர்ச்சிக் காரணி. விரல் பட்டதும் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேரும், உள்ளே "வளரு, இரண்டாகப் பிரி" என்று மணி அடிக்கும். இப்படி ஒரு காரணியை எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து பிரித்தவர் ஸ்டான்லி கோஹன். அதை ஊசியில் ஏற்றிய எலிக்குஞ்சுகள் நாளாவதற்கு முன்பே கண் திறந்தனவாம்! ரீட்டா லெவி-மொன்டால்சினியோடு சேர்ந்து 1986-இல் நோபல் பரிசு பெற்றார்.

வம்பு எங்கே வருகிறது? சில மார்பகப் புற்றுநோய்களில் ஹெர்-2 என்னும் ஏற்பி செல்லின் மேல் மிதமிஞ்சி முளைத்துவிடும். யாரும் அழுத்தாமலே மணி அடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பட்டனில் போய் ஒட்டிக்கொள்ளும் மருந்துதான் டிராஸ்டுசுமாப். அமெரிக்காவில் 1998-இல் அனுமதி பெற்றது. பெங்களூரு பயோகான் நிறுவனம் 2014-இல் இதற்கு இணையான மருந்தை கேன்மாப் என்ற பெயரில் நம் நாட்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2017-இல் அமெரிக்காவும் அதை ஏற்றது. சும்மாவா?

சரி, ஒவ்வொரு பேட்ச் மருந்தும் பட்டனில் சரியாக ஒட்டுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? அதற்குப் பட்டன் வேண்டுமே! நோயாளியிடமிருந்து எடுக்க முடியாது. முழு ஏற்பியைச் செய்தாலும் சுவருக்குள் இருக்கும் பாகம் எண்ணெய்த் தன்மை உள்ளது, தண்ணீரில் கட்டி கட்டியாகிவிடும். ஆகவே பட்டனை மட்டும் வெட்டி எடுக்கிறார்கள். ஹெர்-2-வின் அண்ணன் இஜிஎஃப் ஏற்பியில் 1186 அமினோ அமிலங்கள். வெளியே 621, சுவருக்குள் 23, உள்ளே 542. முதல் 621-க்குரிய ஜீனை மட்டும் எடுத்து, வாலில் ஆறு ஹிஸ்டிடினைக் கட்டி, வேறொரு செல்லுக்குள் விடுகிறார்கள். மறுசேர்க்கை என்பது இதுதான். அந்த வால் நிக்கலைப் பிடித்துக்கொள்ளும். நிக்கல் நிரப்பிய குழாயில் திரவத்தை விட்டால் வேண்டியது தங்கும், மற்றது ஓடிவிடும். பிறகு இமிடசோல் ஊற்றிக் கழற்றுவார்கள்.

பாக்டீரியாவில் செய்தால் மலிவுதானே? இருபது நிமிடத்தில் ஒன்று இரண்டாகுமே? ஆகும். ஆனால் ஈ.கோலைக்கு மனித ஏற்பியின்மேல் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளைப் பூட்டத் தெரியாது. கந்தகப் பிணைப்புகளும் தாறுமாறாகிப் புரதம் பெரும்பாலும் உருண்டையாகத்தான் கிடைக்கும். அதனால் சீன ஹாம்ஸ்டரின் சினைப்பைச் செல், மனிதச் சிறுநீரகச் செல் என்று போகிறார்கள். இவை இரட்டிப்பாக ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். விலையும் ஏறும்.

இனி சோதனை. 96 குழித் தட்டில் ஹெர்-2 பட்டனைப் பூசி, மருந்தை ஊற்றி, கழுவி, நிறம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அது 'கோ'. பக்கத்துக் குழிகளில் இஜிஎஃப் ஏற்பி. அங்கே நிறம் வரக் கூடாது. அது 'நோ கோ'.

தேய்ந்த 'கோ' ரிங் கேஜ் பருத்த ஷாப்டையும் உள்ளே விட்டுவிடும். இங்கேயும் கேஜ் கெட்டால் தீர்ப்பு கெட்டது. மடிப்புக் குலைந்த ஏற்பியில் நல்ல மருந்தும் ஒட்டாமல் தோற்றுப்போகும். உறைய வைத்து உருக்கி, மறுபடி உறைய வைத்தாலே போதும், புரதம் கெட ஆரம்பிக்கும். அதனால்தான் சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைக்கிறார்கள். எங்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலை எத்தனை சுற்றினாலும் கரண்ட் போகத்தான் செய்யும். அந்த ஃப்ரீசருக்குப் பின்னால் ஜெனரேட்டரைக் கவனிக்கும் எலக்ட்ரிக்கல் டிப்ளமோக்காரர் தூங்கினால் கேஜ் காலி!

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இது பாதி ஏற்பிதான். மருந்து பட்டனில் ஒட்டியதா என்று சொல்லும், உள்ளே மணி நின்றதா என்று சொல்லாது. அதற்கு ஹெர்-2 நிறைந்த உயிருள்ள புற்றுநோய்ச் செல்களைத் தட்டில் வளர்த்து, மருந்தை விட்டு, அவை பெருகுவது குறைகிறதா என்று நாள்கணக்கில் காத்திருந்து பார்க்கிறார்கள்.