மறைக்கவும் வேண்டாம், பழிக்கவும் வேண்டாம்

நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலம் கொல்லிமலையின் அடிவாரத்தை ஒட்டிய ஊர். இங்கிருந்து காரவள்ளி வழியாக 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இன்று பேருந்துகள் மலையேறுகின்றன. பாதை இல்லாத காலத்தில் இந்தச் சமவெளியிலிருந்து நடந்தே மலைக்குச் சென்றவர் ஜெஸ்ஸி பிராண்டு என்ற கிறிஸ்தவ ஊழியர். 1907-இல் இங்கிலாந்திலிருந்து வந்த அவர், 1913-இல் ஈவ்லின் அம்மையாரை மணந்து மலைமேலேயே குடியேறினார். இருவரும் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தனர், பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தனர், பைபிளைப் போதித்தனர். 1929-இல் ஜெஸ்ஸி பிராண்டு காய்ச்சலால் இறந்தார். ஈவ்லின் அம்மையார் முதுமையிலும் மலைமக்களிடையே ஊழியம் செய்து 1974-இல் காலமானார். தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்கு வேலூரில் அறுவைச் சிகிச்சை செய்து புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்டு, 1914-இல் இவர்களுக்குப் பிறந்த மகன்.

ஆகவே, இப்பகுதி முஸ்லிம்களுக்குக் கிறிஸ்தவர்கள் புதியவர்கள் அல்லர். பள்ளிக்கூடத்திலும் கடைத்தெருவிலும் நோயாளியின் கட்டிலருகிலும் மார்க்கப் பேச்சு தானாகவே எழுகிறது. "நீங்கள் இயேசுவை நம்புகிறீர்களா?" என்று ஒருவர் கேட்கிறார். அப்போது நம்மில் சிலர், "எல்லாம் ஒன்றுதானே" என்று சிரித்து மழுப்பிவிடுகின்றனர். வேறு சிலர், எங்கோ கேட்ட அரைகுறைச் செய்திகளைக் கொண்டு ஏளனம் செய்யத் தொடங்கிவிடுகின்றனர். முந்தியது சத்தியத்தை மறைப்பது. பிந்தியது சத்தியத்தின் மீதே வெறுப்பை ஏற்படுத்துவது. இரண்டும் நம் மார்க்கம் காட்டிய வழி அல்ல.

நஜ்ஜாஷியின் சபையில்

வேதக்காரர்களுடன் அழகிய முறையிலன்றித் தர்க்கம் செய்யக் கூடாது என்று சூரத்துல் அன்கபூத்தின் 46-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. இதற்குச் செயல்வடிவம் காண வேண்டுமானால் ஹபஷா நாட்டுக்குச் சென்ற முஹாஜிர்களைப் பார்க்க வேண்டும்.

கி.பி. 615-ஆம் ஆண்டளவில், மக்கத்துக் குறைஷிகளின் கொடுமை தாளாமல் முஸ்லிம்கள் அந்நாட்டில் அடைக்கலம் புகுந்தனர். அரசர் நஜ்ஜாஷி ஒரு கிறிஸ்தவர். அவர்களைப் பிடித்துச் செல்லக் குறைஷிகளின் தூதர்களும் பின்னாலேயே வந்துவிட்டனர். அரசவையில் ஹஜ்ரத் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் சூரத்து மர்யமின் தொடக்கத்தை ஓதினார்கள். கேட்டவர்கள் கண்ணீர் விட்டனர். மறுநாள் குறைஷித் தூதர்கள் வேறொரு கண்ணியை வைத்தனர். "ஈஸாவைப் பற்றி இவர்கள் கடுமையான வார்த்தை சொல்கிறார்கள், விசாரியுங்கள்" என்று மூட்டிவிட்டனர்.

உயிரும் அடைக்கலமும் அந்த ஒரு பதிலில் தொங்கின. ஜஅஃபர் (ரலி) அவர்கள் மழுப்பவில்லை. ஈஸா (அலை) அவர்கள் அல்லாஹ்வின் அடியார், அவனுடைய தூதர், கன்னி மர்யமிடம் அவன் இட்ட வார்த்தை, அவனிடமிருந்து வந்த ரூஹு என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை அப்படியே சொன்னார்கள். எதிரில் இருந்தவர்களின் வணக்கத்தைப் பழிக்கவும் இல்லை. நஜ்ஜாஷி அவர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்துவிட்டார். நமக்குரிய பாடம் இதுவே.

சொல் ஒன்று, பொருள் வேறு

இப்ராஹீம் (அலை) அவர்களை ஆபிரகாம் என்றும், மூஸா (அலை) அவர்களை மோசே என்றும், யஹ்யா (அலை) அவர்களை யோவான் ஸ்நானன் என்றும் கிறிஸ்தவர்கள் கூறுவர். இது பெயர் மாற்றம் மட்டுமே, விளக்கினால் தீர்ந்துவிடும்.

ஆனால், சொல் ஒன்றாக இருந்து பொருள் மாறும் இடங்களில்தான் கவனம் வேண்டும். ஈஸா (அலை) அவர்களை "வார்த்தை" என்று திருக்குர்ஆனும் கூறுகிறது. யோவான் எழுதிய சுவிசேஷமும் கூறுகிறது. நாம் கொள்ளும் பொருள், "ஆகுக" என்ற இறைக்கட்டளையால் தந்தையின்றிப் படைக்கப்பட்டவர் என்பது. அவர்கள் கொள்ளும் பொருள், அந்த வார்த்தையே தெய்வமாக இருந்து மனிதராக வந்தது என்பது. பரிசுத்த ஆவி என்பதை அவர்கள் திரித்துவத்தில் ஒருவராகக் கொள்கின்றனர். ரூஹுல் குத்ஸ் என்பதற்கு நம் முஃபஸ்ஸிர்களில் பெரும்பாலோர் ஜிப்ரீல் (அலை) என்றே விளக்கம் தருகின்றனர். இவ்வேறுபாட்டை அறியாதவர் கேள்விக்குப் பதில் சொல்வதாக எண்ணி வேறெதற்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

வேதத்தைப் பற்றிய பேச்சும் இப்படித்தான். ஈஸா (அலை) அவர்களுக்கு இறக்கப்பட்ட இன்ஜீலை நாம் நம்புகிறோம். கிறிஸ்தவர்களோ, இயேசுவின் வாழ்வையும் போதனையையும் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் ஆகிய நால்வர் தேவ ஆவியின் ஏவுதலால் எழுதினர் என்கின்றனர். புராட்டஸ்டண்டுகளின் பைபிளில் 66 புத்தகங்கள். கத்தோலிக்கர்களின் பைபிளில் 73. அவற்றிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. வேதக்காரர்கள் கூறுவதை உண்மை என்றோ பொய் என்றோ கூறிவிடாமல், அல்லாஹ் இறக்கிய அனைத்தையும் நம்புகிறோம் என்று சொல்லும்படி நபி (ஸல்) அவர்கள் போதித்ததாக புகாரீயில் வருகிறது. திருக்குர்ஆன் தெளிவாகத் தீர்ப்பளித்த விஷயங்களில் அத்தீர்ப்பைச் சொல்வோம். மற்றவற்றில் நாவை அடக்குவோம்.

அவர் தன் விசுவாசத்தைச் சொல்லும்போது

கிறிஸ்தவர்களில் பலர் தர்க்கத்தைவிடத் தம் அனுபவத்தையே சாட்சியாகச் சொல்வார்கள். "குடித்துக் கெட்டேன், இயேசு என் பாவத்தைச் சுமந்தார், மன்னிப்புப் பெற்றேன்" என்பார் ஒருவர். அவர் குடியை விட்டதில் நமக்கு மகிழ்ச்சியே. அதை எள்ளி நகையாடுவது கல்நெஞ்சம். கேட்டு முடித்தபின் நம் ஈமானைச் சொல்லலாம்: ஒருவருடைய பாவச்சுமையை மற்றவர் சுமப்பதில்லை, ஆனால் அடியான் மனம் வருந்தித் தவ்பாச் செய்தால் இடையில் எவருமின்றியே அல்லாஹ் மன்னிக்கிறான், அவனே ரஹ்மான், அவனே ரஹீம்.

ஈஸா (அலை) அவர்கள் சிலுவையில் கொல்லப்படவில்லை என்ற நம் நம்பிக்கையையும் கேட்டால் ஒளிக்காமல் கூறலாம். ஆனால், துக்க வீட்டிலும் நோயாளியின் அருகிலும் அதை வலிந்து தொடங்குவது அழகிய முறையாகாது.

பிராண்டு தம்பதியர் போன்றோரைப் பற்றிப் பேச்சு வந்தால், "ஆள் சேர்க்கத்தான் மருந்து கொடுத்தார்கள்" என்று சிலர் ஒரே சொல்லில் தள்ளிவிடுகின்றனர். தம் மதத்தைப் பரப்பவே வந்தார்கள் என்பதை அவர்களும் மறைக்கவில்லை. அதற்காக, அவர்கள் நோயாளிக்குச் செய்த உதவி உதவி அல்லாமல் போய்விடாது. ஒரு கூட்டத்தாரிடம் கொண்ட மனக்கசப்பு நீதியைக் கைவிடச் செய்யலாகாது என்று சூரத்துல் மாயிதாவின் 8-ஆம் வசனம் எச்சரிக்கிறது. அவர்களுடைய கொள்கையை மறுப்போம். நன்மையை நன்மை என்போம். பிறர் நோயாளிக்காக மலையேறியபோது நம் கால்கள் எங்கே இருந்தன என்றும் கேட்டுக்கொள்வோம்.

வீட்டில் தொடங்க வேண்டியது

"உங்கள் தொழுகையில் என்ன சொல்கிறீர்கள்?" என்று பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவச் சிறுமி நம் பிள்ளையிடம் கேட்டால், சூரத்துல் ஃபாத்திஹாவின் பொருளைச் சொல்ல அப்பிள்ளைக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், பைபிளில் குறை தேடக் கற்றுக்கொடுத்து என்ன பயன்? மஃரிபுக்குப் பின் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். ஃபாத்திஹா, இக்லாஸ் சூராக்களின் பொருளை முதலில் சொல்லிக்கொடுங்கள். பிறகு சூரத்து மர்யமைத் தமிழ் விளக்கத்துடன் வீட்டார் அனைவரும் சேர்ந்து ஓதுங்கள். ஈஸா (அலை) அவர்களையும் மர்யம் (அலை) அவர்களையும் நாம் எவ்வளவு கண்ணியப்படுத்துகிறோம் என்பது பிள்ளைகளின் உள்ளத்தில் பதியட்டும். விடை தெரியாத கேள்வி வந்தால், "ஆலிம்களிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று கூறவும் பழக்குங்கள்.

ஹிதாயத் கொடுப்பது அல்லாஹ்வின் வேலை; எடுத்துச் சொல்வது மட்டுமே நம் பொறுப்பு. உண்மையை மறைக்காத நாவையும் எவரையும் புண்படுத்தாத நல்லொழுக்கத்தையும் வல்ல நாயன் நம் எல்லாருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.